உலகம்மாள் மஞ்சக்காணிக்குக் கிழக்கு

போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். தம்பி உட்கார்ந்திருந்தான், நான் பின்னால் நின்றேன். ஐயர் அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களைக் கேட்டார். மூன்றும் கடகடவென்று வந்தன. அப்புறம் பெண்கள் வரிசை. அம்மா பெயர் சொன்னான், ஆச்சி பெயர் சொன்னான். பூட்டி பெயரைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. ஈரத்துணியோடு பத்துப் பேர் காத்திருந்தார்கள். "தெரியாட்டாலும் பரவாயில்ல, சேத்துச் சொல்லிக்கிடுதேன்" என்று ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

ஏழு மாதமாக அது மனசுக்குள் கிடந்து அறுத்தது. தாத்தாவைப் பெற்றவள், அவளும் வயலில் இறங்கித்தான் இந்தக் குடும்பத்தை வளர்த்திருப்பாள். அவள் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 23, திங்கள்

நெல்லைச் சந்திப்பில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு உளுந்த வடை, காபி, 75 ரூபாய். சாம்பாரை விட அந்தக் கடையின் தேங்காய்த் துவையல் நன்றாக இருந்தது. கேட்காமலேயே இன்னொரு கரண்டி வைத்தார்கள்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. கன்னடியன் கால் என்ற வாய்க்கால்தான் பாசனம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உள்ளே முழுக்கப் பெண்கள்தான். நின்றுகொண்டிருந்த என்னிடமிருந்து பையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார் ஒரு அக்கா. அரை மணி நேரம் பேசினோம். யார் வீட்டுக்குப் போகிறேன், எங்கே வாக்கப்பட்டேன், வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் இன்னார் மகள், இன்னார் மருமகள், பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி. இறங்கின பிறகுதான் உறைத்தது, அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

மத்தியானம் பெரியம்மை உளுந்தஞ்சோறு பொங்கியிருந்தாள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, தேங்காய், பூண்டு, வெந்தயம் எல்லாம் அரிசியோடு சேர்ந்து குழையாமல் வெந்திருந்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், கல்லிடைக்குறிச்சி அப்பளம். 84 வயதில் அம்மியில் அரைத்த துவையல். "மிக்ஸியில போட்டா எள்ளு கசந்துரும்" என்கிறாள். மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டு நிமிர்ந்தால் பட்டாசல் சுவரில் பெரிய பிளெக்ஸ். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் வைக்க அண்ணன் அடித்த வம்சாவளி, ஏழு தலைமுறை. எண்ணிப் பார்த்தேன், 58 பெயர்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "கோயில் வரி தலைக்கட்டுக் கணக்குதானம்மா, ஆம்பளப் பேருதான் நோட்டுல இருக்கு" என்றான். நோட்டில் இருப்பதைத்தான் அவன் எழுதியிருக்கிறான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பெரியம்மையிடம் கேட்டேன். "நான் வரும்போதே அவிய இல்லட்டி. எங்க அத்தை எப்பவும் 'பெரிய வீட்டம்மா'ன்னுதான் சொல்லும். மாமியா பேர வாயால சொல்லுவாவளா?"

பிப்ரவரி 24, செவ்வாய்

வெயிலும் அலைச்சலுமாகவே இந்த நாள் போயிற்று. பத்திரம் தேடப் போனேன்.

வில்லங்கச் சான்று 1975-இலிருந்து கணினியில் கிடைக்கிறது. அதற்கு முந்தியதைப் புத்தகம் புரட்டித்தான் தேட வேண்டும். நான் போன அலுவலகத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, எங்கள் ஊர்ப் பழைய புத்தகங்கள் அங்கே இல்லை, வேறொரு அலுவலகத்தில் என்றார்கள். அங்கே போனால் பழைய சர்வே எண் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 80களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர் திட்டத்தில் வந்த புது எண். சரி, பெயரை வைத்துத் தேடலாமா என்றேன்.

"யார் பேர்ல மேடம்?"

"எங்க பூட்டி பேர்ல."

"பேரு?"

"அதத்தான் தேடி வந்திருக்கேன்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. தன் பக்கத்து மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "வெளிய பத்திர எழுத்தர் ஒருத்தர் இருக்காரு, வயசானவரு. கேட்டுப் பாருங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. உள்ளே கணினியில் ஒரு பையன், வாசலில் நாற்காலி போட்டு அந்தப் பெரியவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு டீ சொன்னார், டீ 12 ரூபாய், காசை அவரே கொடுத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஒங்க வீட்டுப் பத்திரத்துல தேடாதீங்கம்மா. அதுல வித்தவரு, வாங்குனவரு, சாட்சி, எல்லாம் ஆம்பளையாத்தான் இருப்பாவ. பக்கத்து வயக்காரர் பத்திரத்த எடுத்து நாலு எல்லையப் பாருங்க. வடக்கே யாரு வயலு, மேற்கே யாரு வயலுன்னு உள்ளபடி எழுதித்தான ஆகணும். பொம்பள பேரு அங்கதான் கெடக்கும்."

சீதனமாக வந்த நிலம் பழைய இந்துச் சட்டத்திலேயே பெண்ணுக்குத் தனிச்சொத்து என்றும், அது முதலில் மகளுக்குத்தான் போகும் என்றும் சொன்னார். 1956 வாரிசுரிமைச் சட்டமும், தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்த 1989 திருத்தமும் அதற்கெல்லாம் பிந்தி வந்தவை. "இந்தப் பக்கம் அதுக்குப் பேரு மஞ்சக்காணி. பெண்ணக் கட்டிக் குடுக்கையில மஞ்சளுக்குன்னு எழுதி விடுத வயலு. எழுதாம வாய்ச்சொல்லாவே விட்டதுந்தான் நெறய."

திரும்பும் வழியில் பஸ் பழுதாகிச் சாலையோரம் முக்கால் மணி நேரம். கையில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. இளநீர் விற்ற தம்பி 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, வழுக்கையைச் சீவி எடுக்கத் தன் பங்குக்கு ஒரு கரண்டியே கொடுத்தான்.

இரவு படுத்தபடி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெரும்பாலும் வட மாநிலத்துப் பெண்கள். தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். படித்தபோது அது எங்கேயோ நடந்த கதை என்றிருந்தேன்.

பிப்ரவரி 25, புதன்

மச்சைக் கிளறினோம். மேலே ஏறிய ஏணியின் மூன்றாம் படி ஒடிந்து என் கெண்டைக்காலை வழித்துவிட்டது. பெரியம்மை மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசினாள். எரிச்சல் சாயங்காலம் வரை இருந்தது.

பழைய சுளகுகள், வாய் கிழிந்த நார்ப்பெட்டி, இரும்புப் பூண் போட்ட மரக்கால், துருப்பிடித்த பன்னருவா இரண்டு. கீழே பட்டாசல் மூலையில் இருக்கும் குலுக்கைக்குள் ஒரு காலத்தில் விதைநெல் இருந்தது, இப்போது பழைய துணி. கன்னிப் பெட்டி மட்டும் சாமி அறையில் தனியாக இருக்கிறது. அந்த ஓலைப்பெட்டிக்குள் வருஷத்துக்கு ஒரு புதுப் பாவாடை வைத்துக் கும்பிடுவோம். எந்தக் காலத்துக் கன்னி என்று கேட்டால், "வீட்டுக் கன்னி, அவ்வளவுதான்" என்பார்கள்.

மச்சின் கடைசி மூலையில் கவிழ்ந்து கிடந்தது ஒரு பித்தளைச் சருவம். கறுத்துப் போயிருந்தது. தூக்க முடியாத கனம். இறக்கி முற்றத்தில் வைத்து, புளியும் உப்பும் சாம்பலுமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். முதல் ஈடு கறுப்புக் குழம்பாக வழிந்தது. இரண்டாவதில் மஞ்சள் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே விரலுக்கு நெருடியது. மூன்றாவது தேய்ப்புக்குப் பிறகு சாய்வெயிலில் திருப்பிப் பிடித்தேன்.

உளியால் குத்திய புள்ளிகள். ஒவ்வொரு எழுத்தும் கோடாக இல்லாமல் கிட்டக்கிட்ட வைத்த சின்னக் குழிகளாக இருந்தது. பழைய வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி போடவில்லை. 'மு உலகமமாள' என்று இருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக, 'கலலிடை'.

சத்தமாகப் படித்தேன். அடுக்களையிலிருந்து பெரியம்மை வந்து வாசலில் நின்றாள்.

"உலகம்மாளா? ஏட்டி, அது பாப்பா அத்தை பேருல்லா!"

பாப்பா அத்தை என் அப்பாவுடைய அக்கா. சாகும்வரை ஊருக்கே பாப்பாதான், ரேஷன் கார்டிலும் பாப்பா. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயரை விடுவதுதானே இங்கே வழக்கம். அத்தைக்கும் அப்படித்தான் பூட்டி பெயரை விட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆச்சி தன் மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவாளா, வைவாளா? அதனால் பாப்பா. மாமியார் மேல் வைத்த மரியாதையே அவள் பெயரைக் குடும்பத்தின் வாயிலிருந்து எடுத்துவிட்டது. பெரியம்மைக்கு இத்தனை வருஷம் தெரிந்திருந்த ஒரு பெயர், யாருடையது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று. எங்கள் பூட்டன் பெயர் 'சு'வில் தொடங்கும். சருவத்தில் இருப்பது 'மு'. சீராகக் கொண்டுவந்த பாத்திரத்தில் அவள் அப்பா எழுத்தும் அவள் ஊரும் இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சிப் பெண். பாபநாசத்து உலகம்மை பெயரை அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு விடுவது சகஜம். தென்காசியிலும் அம்மன் உலகம்மன்தான் என்றாலும், கல்லிடைக்குப் பாபநாசம் கூப்பிடு தூரம்.

சருவத்தைத் துடைத்துத் திண்ணையில் வைத்தோம். தெருவில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் குடத்தைத் திருப்பிப் பார்த்ததாக இரவு வந்து சொன்னார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் கீழத்தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. எங்கள் பழைய வயலுக்கு அடுத்த வயல் அவர்கள் குடும்பத்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு காகிதங்கள் போயின. இவர்கள் டிரங்குப் பெட்டியைத் தட்டட்டிக்கு ஏற்றியதால் தப்பியது. சுக்குக் காபி கொடுத்துவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து, "நீங்களே பாருங்கம்மா, எனக்குக் கண்ணு எட்டல" என்றார்.

நாலாவது பத்திரம். முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மடிப்பில் கிழிந்து, மையெல்லாம் செம்பட்டையாகிவிட்டது. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் எல்லாம் அந்த எழுத்தர் சொன்னபடி ஆண்கள்தான். சொத்து விவரத்துக்கு வந்தேன். வடக்கே வாய்க்கால். தெற்கே பொதுப்பாதை. அப்புறம் எங்கள் பூட்டன் பெயர், அதைத் தொடர்ந்து, "பெண்சாதி உலகம்மாள் மஞ்சக்காணி நஞ்சைக்குக் கிழக்கு."

வாத்தியார் என்னிடமிருந்து பத்திரத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி அதே வரியை மறுபடி படித்தார். அவருக்கும் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அவர் பேரன் வண்டியில் வயலுக்குக் கூட்டிப்போனான். கன்னடியன் கால் ஓரமாகவே பாதை. ஒரு கன்னடியர் தனக்குக் கிடைத்த பொன்னை வைத்து இந்தக் காலை வெட்டினார் என்றும், அகத்தியர் சொன்னபடி ஒரு பசு நடந்த வழியே வாய்க்கால் வழி ஆயிற்று என்றும் கதை உண்டு. சின்ன வயதில் அப்பா சொல்லிக் கேட்டது. அந்தக் கதையில் மண் சுமந்தவர்கள் வருவதில்லை. கூடை தூக்கியதில் பாதிப் பேராவது பெண்களாக இருந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இருபுறமும் பிசானப் பருவ நெற்கதிர் தலை சாய்ந்து, அறுப்புக்கு இன்னும் பத்து நாள் என்றான் பையன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த அம்பை 16தான் இங்கே நிறைய, இட்லிக்கு நல்ல குண்டு அரிசி. எங்கள் மஞ்சக்காணியில் நெல் இல்லை, வாழை. நாலு மரக்கால் விதைப்பாடு, மரக்காலுக்கு எட்டு சென்ட் கணக்கில் 32 சென்ட். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பதால் கால் கோட்டையைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். யூ.டி.ஆர் வந்தபோது பெரிய தாத்தா பெயரைச் சொல்லிப் பட்டா வாங்கியிருக்கிறார்கள், பிறகு விற்றாயிற்று. இப்போதைய சொந்தக்காரர் ஒரு சீப்பு நாட்டுப்பழம் வெட்டிக் கையில் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

அந்தப் பையன்தான் சொன்னான், நடவுக்கு ஆள் கூட்டி வந்துகொண்டிருந்த பாட்டி ஒருவர் காலனித் தெருவில் இருக்கிறார், வயது 88 என்று. போனோம். வாசலில் நார்க்கட்டிலில் படுத்திருந்தவர், நான் யார் வீடு என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். கட்டிலில் இடம் காட்டினார். நான் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

"உலகம்மா ஆச்சியவா? நல்லாத் தெரியுமே தாயி. எனக்கு பத்து வயசிருக்கும், எங்கம்மை கூட நாத்து முடி எடுத்துக் குடுக்கப் போவேன். அவிய வரப்புல நிக்க மாட்டாவ. சேலைய ஏத்திக் கட்டி எங்க கூடயே எறங்கி நடுவாவ. குலவை போட்டா மொத சத்தம் அவியளோடதுதான். வரப்புல நண்டு வளை எங்கன இருக்குன்னு கால வச்சே கண்டுபிடிச்சிருவாவ. குதிங்காலால ஒரு திருகு, சேத்த அள்ளி ஒரு அப்பு. ராத்திரி மொறத் தண்ணிக்கு அரிக்கேன் விளக்கப் பிடிச்சிக்கிட்டு மடைக்கு அவியதான் போவாவ. ஒங்க பூட்டனுக்குக் கண்ணு மாலை."

கொத்து எப்படி என்று கேட்டேன். கூலி அப்போது நெல்தான். "ஆம்பளைக்கு அளக்கதுல பொம்பளைக்குக் கொறச்சித்தான் அளப்பாவ, எல்லா வீட்லயும். ஒங்க ஆச்சியும் அப்படித்தான் அளந்தாவ. ஆனா மரக்கால் தலைய வழிக்க மாட்டாவ, கூம்பாவே போடுவாவ." இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். பெண்ணுக்குக் குறைத்து அளந்த கையும் அவளுடையதுதான்.

கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கன்னிக்குப் பாவாடை வைக்கியளா இப்பவும்?"

வைக்கிறோம் என்றேன்.

"அது அவிய மவதான். ஒரே பொட்டப் புள்ள. பன்னெண்டு வயசுல விசக் காய்ச்சல்ல போயிட்டு. அந்தப் பெட்டிய மொடஞ்சது எங்கம்மை."

மஞ்சக்காணி முதலில் மகளுக்குப் போகும் என்று பத்திர எழுத்தர் சொன்னது ஞாபகம் வந்தது. போக மகள் இல்லை. வீடு வந்து சாமி அறையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பெரியம்மையிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து, போன வருஷத்துப் பாவாடையை எடுத்து மடிப்புக் கலைத்து, மறுபடி மடித்து வைத்தாள். ராத்திரிக்கு எனக்குச் சொதி வைப்பதாக இருந்தவள் அதை மறந்துபோனாள். பழையதும் மோர்மிளகாயும் சாப்பிட்டுப் படுத்தோம்.

பிப்ரவரி 27, வெள்ளி

விடிந்ததும் தம்பிக்குப் போன் செய்து பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டான். அண்ணன் பிளெக்ஸை இறக்கி வைத்திருக்கிறான். உத்திரத்துக்குள் பெண்கள் பெயரையும் சேர்த்து அடிக்க வேண்டும், எல்லா வீட்டிலும் கேட்டுத் தா என்று ஒரு நோட்டைப் பெரியம்மையிடம் கொடுத்திருக்கிறான். அவள் எழுதச் சொன்ன முதல் பெயர் தன் அம்மாவுடையது. அது எங்கள் வம்சம் இல்லையே என்று அண்ணன் இழுத்தான். "எழுதுல" என்றாள். எழுதினான்.

பாபநாசம் பஸ்ஸில் கூட்டம். கல்லிடைக்குறிச்சியில் நின்றபோது வெளியே வெயிலில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முக்காடிட்டுக் குந்தியிருந்த பெண்கள் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கித் தேட எனக்கு இந்தத் தடவை நேரம் இல்லை. 'மு' யார், அவர் வீட்டுக்காரி பெயர் என்ன என்று கேட்க அங்கே தனியாக வர வேண்டும்.

கோயிலில் உலகம்மை சந்நிதிக்கு முன்னால் அந்த உரல் இருக்கிறது. பெண்கள் விரலி மஞ்சளைப் போட்டு இடிக்கிறார்கள், அந்தப் பொடி அம்மன் அபிஷேகத்துக்குப் போகிறது. வெளியே கடையில் மஞ்சள் 20 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் இடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், நெற்றியெல்லாம் மஞ்சள் தூள்.

"யார் பேருக்கு இடிக்கீங்க?" என்று கேட்டார்.

"உலகம்மாள்."

"அம்மன் பேருக்கா?"

"இல்லக்கா. எங்க பூட்டி பேருக்கு."

அவர் தள்ளி நின்று உலக்கையை என் கையில் கொடுத்தார். பிடியில் அவர் கைச்சூடு இருந்தது.